உட்காருங்க டீச்சர்

தாளாளர் வருவார் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. நூலக அறையின் கதவைத் தள்ளிக்கொண்டு தங்கத்துரை உள்ளே நுழைந்தபோது செண்பகவல்லியின் வாயில் காரச்சேவு பாதி மென்ற நிலையில் கிடந்தது. விழுங்குவதா, கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வதா என்று தெரியாமல் எல்லோரோடும் சேர்ந்து அவளும் எழுந்து நின்றாள். "இருங்க, இருங்க, நீங்க பாட்டுக்குப் பேசுங்க, நான் சும்மா கேட்டுட்டுப் போறேன்" என்று சொல்லிக்கொண்டே அவர் கதவோரம் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். செண்பகவல்லி முதல்வர் எப்சிபாவின் முகத்தைப் பார்த்தாள். அந்த அம்மாளுக்கும் இது தெரிந்திருக்கவில்லை. கையிலிருந்த பேனாவின் மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். ஜூனில் பாளையங்கோட்டையிலிருந்து புதிதாக வந்தவர். வந்த வாரமே ஆசிரியர் அறைக்கு வந்து, பிள்ளைகளுக்கு என்ன வேண்டும் என்று ஊரே கேட்கிறது, உங்களுக்கு என்ன வேண்டும் என்று யாராவது கேட்டார்களா என்றார். யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒருநாள் யாரோ பேச்சுவாக்கில் பெண்கள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லாததைச் சொல்ல, அடுத்த நாளே தாழ்ப்பாள் வந்துவிட்டது. முதல்தடவை அதைப் போட்டுவிட்டு உள்ளே தனியாக நின்று செண்பகவல்லி சிரித்திருக்கிறாள். இத்தனை வருஷமும் ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டே காரியத்தை முடித்த பெண்கள் அத்தனை பேரும் ஒரு வாரம் அந்தத் தாழ்ப்பாளைப் பற்றியே பேசினார்கள். அந்தத் தைரியத்தில்தான் இந்தச் சனிக்கிழமைக் கூட்டம். மத்தியானம் பிள்ளைகளை அனுப்பிவிட்டு உட்காருவோம், ஒவ்வொருத்தராகச் சொல்லுங்கள், யார் சொன்னது என்று வெளியே போகாது என்று எப்சிபா வாக்குக் கொடுத்திருந்தார். இப்போது எதுவும் வெளியே போகவே வேண்டியதில்லை. வெளியே இருந்ததுதான் உள்ளே வந்து கதவோரம் உட்கார்ந்துவிட்டது.

அவளிடம் ஒரு வாக்கியம் இருந்தது. காலையில் பஸ்ஸில் வரும்போதே செய்துவைத்தது. மேடம், வகுப்பில் ஒரு நாற்காலி இருந்தால் கொஞ்சம் ஒத்தாசையாக இருக்கும். பஸ் ரயில்வே கேட்டில் நின்றபோது ஒத்தாசை என்ற சொல் அவளுக்குப் பிடிக்காமல் போயிற்று. கையேந்தி நிற்பது போல் இருந்தது. வசதியாக இருக்கும் என்று மாற்றினாள். வசதி என்றால் சொகுசு கேட்கிறாள் என்பார்கள். தேவைப்படுகிறது என்றால்? அது மின்சார வாரியத்துக்கு எழுதும் விண்ணப்பம் மாதிரி விறைப்பாக இருந்தது. கடைசியில் ஒத்தாசைக்கே திரும்பி வந்து, அதை அப்படியே பத்திரமாக வைத்திருந்தாள். ஆனால் அது மேடத்துக்கென்று செய்த வாக்கியம். மேடம் என்ற இடத்தில் சார் என்று போட்டதுமே அது வேறு ஒன்றாகிவிடுகிறது. சார் என்று ஆரம்பித்தால் குரல் தானாகத் தணியும், தணிந்த குரலில் நாற்காலி என்று சொன்னால் பாதிதான் கேட்கும், என்னது என்று அவர் திரும்பக் கேட்பார், இரண்டாம் தடவை சொல்லும்போது எல்லோரும் தன்னையே பார்ப்பார்கள். பி.டி. வாத்தியார் செல்லக்கனி எழுந்துவிட்டார். அவர் கதவுப் பக்கத்து முனை. முறை அங்கிருந்து மேஜையைச் சுற்றி வரும். அவருக்கு அடுத்தது தமிழ் முத்தரசி, அதற்கு அடுத்தது அறிவியல் ரோஸ்லின், அப்புறம் இவள். இவளுக்கு அந்தப் பக்கம், கடைசியாக, மழலையர் வகுப்புப் பொறுப்பாளர் ஜெயசீலி. ஜெயசீலி காதில் விழுவது சாயங்காலத்துக்குள் தாளாளர் வீட்டுக்குப் போய்விடும் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரும் நம்பினார்கள். யாரும் கண்ணால் பார்த்ததில்லை. தாளாளரே வந்துவிட்டதால் இன்று அவளுக்கும் அந்த வேலை மிச்சம்.

நாற்காலிகளை எடுத்தது யாருக்கும் சொல்லாமல்தான். போன வருஷத்துக்கு முந்தின வருஷம், பூஜை விடுமுறை முடிந்து வந்து வகுப்பைத் திறந்தால் மேஜை இருந்தது, நாற்காலி இல்லை. முதலில் பெயிண்ட் அடிக்க எடுத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். எட்டாம் வகுப்பில் இல்லை, ஒன்பதாம் வகுப்பில் இல்லை, எதிலும் இல்லை. எந்த வகுப்பிலோ எந்த டீச்சரோ கண் அசந்ததைக் கேமராவில் தாளாளர் பார்த்துவிட்டாராம். யார் என்று கடைசிவரை தெரியவில்லை. அது யார் என்பதைக் கண்டுபிடிப்பதிலேயே எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு ஒரு மாதம் போக்கினார்கள். நாற்காலியைக் கேட்க வேண்டும் என்பதை மறந்துவிட்டார்கள். ஆசிரியர் அறைக்கு வெளியே கருத்துப் பெட்டி என்று ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது, அதற்கு நேர் மேலே ஒரு கேமரா. அதில் பிள்ளைகள் மிட்டாய்க் காகிதம் போட்டார்கள். வாய் திறந்து கேட்டவள் ஒருத்திதான், ஆறாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுத்த வளர்மதி. அவளுக்கு அப்போது நான்கு மாதம். தாளாளர் கோபப்படவில்லை. பாவம், மாசமா இருக்கிற பிள்ளை ஏன் நிற்க வேண்டும் என்று அன்றைக்கே அலுவலக அறையில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார், சுழல்கிற நாற்காலி. பிள்ளை பிறந்து, அது இப்போது நடக்கக்கூட ஆரம்பித்துவிட்டது. வளர்மதி இன்னும் அலுவலகத்தில்தான் இருக்கிறாள், ரசீது அடித்துக்கொண்டு. அவளைத் திட்டினார்கள், விரட்டினார்கள் என்றால் செண்பகவல்லிக்கு இவ்வளவு பயம் இருந்திருக்காது. நாற்காலி கேட்டவளுக்கு நாற்காலி கிடைத்தது. வகுப்பு போய்விட்டது.

செல்லக்கனி மைதானத்துக்குக் கோடு போடச் சுண்ணாம்புப் பொடி பற்றாமல் இருப்பதைச் சொல்லிக்கொண்டிருந்தார். தாளாளர் தலையாட்டினார். எப்சிபா எழுதிக்கொண்டார். மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் டொக் என்று ஒரு சத்தம் போட்டது. செண்பகவல்லி மேஜைக்கு அடியில் வலது காலைச் செருப்பிலிருந்து உருவி இடது காலின் மேல் வைத்துக்கொண்டாள். கெண்டைச் சதையில் நரம்பு சுருட்டிக்கொண்டு நிற்கிறது, பச்சையாக, ஈரத்துணியைப் பிழிந்து வைத்த மாதிரி. மாலையில் சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தால் அவளுக்கே அருவருப்பாக இருக்கும். டாக்டர் சின்ன வயசுக்காரர். நிற்கிற வேலையைக் குறைச்சுக்கோங்கம்மா என்றார், சர்க்கரையைக் குறைக்கச் சொல்வது போல. இறுக்கமான காலுறை ஒன்று எழுதிக் கொடுத்தார். இந்த ஊர் வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு நின்றால் காலை அடுப்பில் வைத்தது போல எரிகிறது. வேலையை விட்டுவிடு என்றுதான் வீட்டுக்காரர் சொன்னார், அக்கறையாகத்தான் சொன்னார், அப்படி அக்கறையாகச் சொல்கிறவர்களிடம் என்ன பதில் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. நாலாவது பீரியடில் முதல் பெஞ்சின் ஓரத்தில் இடுப்பைச் சாய்த்துக்கொள்வாள். கேமரா ஞாபகம் வந்ததும் நிமிர்வாள். ஜன்னல் திட்டில் கையை ஊன்றுவாள். கரும்பலகையில் எழுதும்போது தோளைப் பலகையிலேயே சாய்த்துவிடுவாள், சாக்பீஸ் தூள் அப்படியே சேலையில் ஒட்டும். பிள்ளைகள் சிரிக்கும். ஆனால் அந்த வகுப்புகள். இரண்டு முக்கோணங்கள் ஒன்றுக்கொன்று சமம் என்று வரி வரியாக இறங்கி வந்து, கடைசி வரியை எழுதாமல் அவள் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி நிற்பாள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது. அப்புறம் எங்கோ பின்னால் ஒரு பெண் குழந்தை ஓ என்று மெதுவாகச் சொல்லும். யாருக்கும் கேட்கக்கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற ஓ. அதற்காக எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம் என்று முன்பெல்லாம் நினைப்பாள். இப்போது அது சொல்லும்போது காலுக்குள் ஒன்று சுண்டி இழுக்கிறது. ஓ வரும் முன்பே பெல் அடித்துவிட்டால் நல்லது என்றுகூடப் போன வாரம் ஒருநாள் தோன்றியது. அப்படித் தோன்றியதுதான் டாக்டர் சொன்னதைவிட அவளைப் பயமுறுத்தியது.

முத்தரசி எழுந்தாள். ஆசிரியர் அறையில் நாற்காலிக்காக அதிகம் கொதித்தவள் முத்தரசிதான். நாமென்ன கொக்கா, ஒத்தக் காலில் நிற்க என்று கேட்டவள். அவள் சொல்லிவிட்டால் தான் சொல்ல வேண்டியதில்லை, ஆமாம் சார் என்று மட்டும் சொன்னால் போதும் என்று செண்பகவல்லி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். முத்தரசி நூலகத்துக்கு நல்ல அகராதி ஒன்று வேண்டும் என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் தண்ணீரைக் குடித்தாள். அவள்மேல் கோபம் வரவில்லை. கோபம் வந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுத்தது ரோஸ்லின், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, இங்கே எல்லாமே நல்லாருக்கு சார், குடும்பம் மாதிரி இருக்கு என்றாள். குடும்பம் என்றதும் தாளாளர் சிரித்தார். செண்பகவல்லிக்கு அம்மா நினைவு வந்தது. அம்மா தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கினாள். விடிந்ததிலிருந்து இருட்டும்வரை தரையில் உட்கார்ந்து, சட்டத்தில் வரிவரியாகத் தீக்குச்சிகளை அடுக்கிக்கொண்டிருப்பாள். சாயங்காலம் எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு, அரைக் கூனோடு, வாசல் போவதற்குள் மெல்ல மெல்ல நிமிர்வாள். நீ நின்னு பேசுற வேலைக்குப் போகணும் தாயி, உட்கார்ந்து உட்கார்ந்து என் இடுப்பு போச்சு என்பாள். இவள் டீச்சரானபோது அம்மா பக்கத்து வீட்டுக்காரியிடம், எம்மவ நின்னுக்கிட்டு இருப்பா, மத்தவங்கதான் உட்கார்ந்திருப்பாங்க என்று சொல்லியிருக்கிறாள். அம்மாவிடம் போய்க் கால் வலியைச் சொல்ல வாய் வருவதில்லை. சொன்னால் அம்மா நம்பமாட்டாள். நிற்பதிலும் வலி இருக்கும் என்பது அம்மாவுக்குத் தெரியாத ஒரு கணக்கு. "செண்பகவல்லி டீச்சர்" என்று எப்சிபா கூப்பிட்டார். இரண்டாவது தடவையாகக் கூப்பிடுகிறார் போலிருந்தது.

எழுந்தாள். செருப்பில்லாத கால் தரையில் பட்டது, தரை குளிர்ச்சியாக இருந்தது. சார் என்றாள். அந்த வாக்கியத்தைத் தேடினாள். பஸ்ஸில் அவ்வளவு நேரம் வைத்திருந்ததை, ரயில்வே கேட்டில் பிரித்துப் பிரித்துக் கட்டியதை, இப்போது எங்கே வைத்தோம் என்று தெரியவில்லை. ஒத்தாசை என்ற ஒரு சொல் மட்டும் தனியாக நின்றது, அதற்கு முன்னும் பின்னும் ஒன்றுமில்லை. தாளாளர் பார்த்துக்கொண்டிருந்தார். பொல்லாத முகம் இல்லை, பேரன் பேத்தி எடுத்த முகம். காலையில் கேட்டில் நின்று பிள்ளைகளுக்கு வணக்கம் சொல்கிற முகம். அதனால்தான் கஷ்டமாக இருந்தது. கரும்பலகையில் வட்டம் போடுகிற பெரிய காம்பஸ் உடைந்துவிட்டது என்று தன் வாய் சொல்வதை அவள் கேட்டாள். பிள்ளைகளுக்கு வட்டம் சரியாக வரவில்லை, நூலைக் கட்டிப் போட்டுக்கொண்டிருக்கிறோம். அதுவும் உண்மைதான். உண்மையாக இருந்ததால் குரல் நடுங்கவில்லை. வாங்கிரலாம் என்றார் தாளாளர். எப்சிபா எழுதிக்கொண்டே ஒரு நொடி நிமிர்ந்து அவளைப் பார்த்தார், வேறெதையோ எதிர்பார்த்தவர் போல. அவ்வளவுதான், முடிந்தது. இனி உட்கார வேண்டும். ஜெயசீலி நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்திருக்கத் தயாராகிவிட்டாள். செண்பகவல்லி உட்காரவில்லை. வேண்டுமென்று நிற்கவில்லை. உட்கார்ந்துவிட்டால் இனி யாரும் கேட்கப் போவதில்லை என்பது மட்டும் தெரிந்தது, திங்கட்கிழமை காலை முதல் பீரியட் தெரிந்தது, அதற்கப்புறம் வரப்போகிற எல்லாத் திங்கட்கிழமைகளும் ஒன்றன் பின் ஒன்றாக, கடைசி வரி எழுதாத நிரூபணம் மாதிரி, பலகை முழுக்கத் தெரிந்தன. மின்விசிறி டொக் என்றது.

"என்ன டீச்சர், நிக்கீங்க?" என்றார் தங்கத்துரை. நல்ல குரலில்தான் கேட்டார். "உட்காருங்க."

"இதைக் கிளாஸ்லயும் சொன்னீங்கன்னா நல்லாருக்கும் சார்."

சொன்னது தான்தான் என்று தெரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. முத்தரசி தலையைக் குனிந்துகொண்டாள். தாளாளர் முதலில் புரியாதவர் போல எப்சிபாவைப் பார்த்தார், அப்புறம் புரிந்துவிட்டது. நாற்காலி போட்டுக் கொடுத்தால் தூங்குகிறார்கள், கண்ணால் பார்த்த பிறகுதான் எடுத்தேன், சும்மா எடுக்கவில்லை என்றார். தூங்கினவர்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள் சார், ஏன் தூக்கம் வந்தது என்று கேளுங்கள், எல்லோரையும் நிற்க வைத்தால் எப்படி என்றாள் அவள். இது கேட்கத் தகுந்த வாக்கியமா இல்லையா என்று யோசிக்க நேரமில்லை. வாக்கியங்கள் இப்போது செய்யாமலே வந்தன, ஒழுங்கில்லாமல், ஒன்றின் காலை ஒன்று மிதித்துக்கொண்டு. கால் நரம்பைச் சொன்னாள். டாக்டரைச் சொன்னாள். பலகையில் தோள் சாய்த்து எழுதுவதைச் சொன்னாள், பிள்ளைகள் சிரிப்பதைச் சொன்னாள். நாள் பூராவும் உட்கார்ந்திருக்கப் போவதில்லை, நோட்டுத் திருத்தும்போது, பிள்ளைகள் கணக்குப் போடும்போது, அவ்வளவுதான் என்றாள். தாளாளர் கையை உயர்த்தினார். நிறுத்தச் சொல்கிறாரோ என்று நினைத்தாள், அவர் கன்னத்தைச் சொறிந்துகொண்டார்.

"எங்க தீப்பெட்டி ஆபீஸ்ல உட்கார்ந்தே இடுப்பு போச்சுங்காங்க. இங்க நின்னே கால் போச்சுங்கீங்க. நான் யாரைத்தான் நம்ப?"

"எங்கம்மா உங்க ஆபீஸ்லதான் சார் கட்டை அடுக்குனாங்க. ரெண்டும் நெசந்தான்."

அவர் அம்மாவின் பெயரைக் கேட்டார். சொன்னாள். அவருக்கு ஞாபகம் இருந்ததா இல்லையா என்று தெரியவில்லை, ஞாபகம் இருப்பது போல் தலையாட்டினார். பிறகு, அவள் எதற்காக இத்தனை நாள் வாயைத் திறக்காமல் இருந்தாளோ அந்த வார்த்தையை, அதே பாசத்தோடு, ஒரு தகப்பன் போலச் சொன்னார். கால் இவ்வளவு மோசமாக இருக்கும்போது எதற்காகக் கஷ்டப்பட வேண்டும், அலுவலகத்துக்கு வந்துவிடுங்கள், பரீட்சை வேலையெல்லாம் அங்கே நிறையக் கிடக்கிறது, உட்கார்ந்தே பார்க்கலாம், சம்பளத்தில் ஒரு பைசா குறையாது. ஒத்துக்கொள் என்று ஒரு கால் சொன்னது. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அந்தச் சுழல்கிற நாற்காலியின் மெத்தை இடுப்புக்குக் கீழே வந்தது போலவே இருந்தது, அதில் அப்படியே அமிழ்ந்துவிடலாம் என்றிருந்தது. வேண்டாம் என்று சொன்னால் நன்றிகெட்டவள். சரி என்று சொன்னால் இன்னொரு வளர்மதி. பின்னால் எங்கோ ஒரு பிள்ளை மெதுவாக ஓ என்று சொல்லப்போகிறது, அப்போது பலகைக்கு முன்னால் வேறு யாரோ நின்றுகொண்டிருப்பார்கள்.

"வேண்டாம் சார்" என்றாள். கனைத்துக்கொண்டாள். "எனக்குக் கணக்கு வேணும். நாற்காலியும் வேணும்."

கேட்கும்போதே அது எவ்வளவு சின்ன வாக்கியம் என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒத்தாசையும் இல்லை, வசதியும் இல்லை. எப்சிபா பேனாவை மூடி மேஜையில் வைத்தார். எல்லா வகுப்புக்கும் ஒன்று என்று போட்டுப் பார்ப்போம் சார், எடுத்து மொட்டைமாடியில் போட்டிருக்கிற நாற்காலிகளில் நல்லதாகப் பார்த்துத் திங்கட்கிழமை இறக்கிவிடலாம், யாராவது தூங்கினால் என்னைக் கேளுங்கள், நான் பதில் சொல்கிறேன் என்றார். அவர் குரலும் லேசாக நடுங்கியது. அதைக் கேட்டபோதுதான், இந்த அம்மாளும் வேலைக்கு வந்து சில மாதங்களே ஆனவர், இவருக்கும் மேலே ஒருத்தர் இருக்கிறார் என்பது செண்பகவல்லிக்கு உறைத்தது. தாளாளர் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். வெயிலில் கிடந்து காலெல்லாம் ஒடிந்திருக்கும் என்றார். அப்புறம், சரி, ஒரு மாதம் பார்ப்போம், ஒரு மாதம்தான் என்றார். செண்பகவல்லி உட்கார்ந்தாள். ஒரு மாதம். அதற்கப்புறம் மறுபடி எழுந்து நிற்க வேண்டியிருக்கும், மறுபடி கேட்க வேண்டியிருக்கும். சொல்லியிருக்கக்கூடாதோ என்று ஒரு பக்கம் ஆரம்பித்துவிட்டது. திங்கட்கிழமை அலுவலகத்திலிருந்து கூப்பிடுவார்களோ, அம்மாவை எதற்காக இழுத்தேன், அம்மாவுக்குத் தெரிந்தால் என்ன நினைப்பாள் என்று மனது பழைய தடத்திலேயே போய்க்கொண்டிருந்தது. ஜெயசீலி எழுந்து நிற்பதை அவள் பார்த்தாள், கேட்கப் பயந்து மேஜையைப் பார்த்தாள். "எனக்கும் அதேதான் சார்" என்றாள் ஜெயசீலி. "பாலர் வகுப்புல நாள் பூரா குனிஞ்சும் நிக்கணும்." வேறொன்றும் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டாள். உட்காரும்போது முகத்தைச் சுளித்துக்கொண்டு இடுப்பில் கை வைத்ததைச் செண்பகவல்லி பார்த்தாள். இத்தனை வருஷமாகப் பக்கத்திலேயே இருந்தும் அதை இன்றுதான் பார்க்கிறாள்.

சுற்று முடிந்துவிட்டது. எப்சிபா நன்றி சொல்ல வாயெடுத்தார். தாளாளர் நாற்காலியின் கைப்பிடியில் இரண்டு கையையும் ஊன்றினார். அப்போது செண்பகவல்லிக்கு மறுபக்கத்திலிருந்து ஒரு கை உயர்ந்தது, வகுப்பில் பிள்ளைகள் தூக்குவது போல முழுக்கையும் தூக்காமல், முழங்கையை மேஜையிலேயே வைத்துக்கொண்டு, விரல்கள் மட்டும். ரோஸ்லின்.

"சார்" என்றாள். "நான் முதல்ல சொன்னதை மாத்திச் சொல்லலாமா?"

தங்கத்துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஊன்றிய கைகளை மெதுவாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.